அனுபவம்: இல்லை

அத்தியாயம் 14

போன ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன் வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

கோழிக்குழம்பை ரசித்துச் சாப்பிட்டு, தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு, பெரியவர் சேதியைச் சொன்னார். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து கருங்குட்டை பால் சொசைட்டியில் பாலைச் சோதித்து எடுக்கும் வேலையை மகன் ஜெகன் பார்த்துக்கொள்வான். பேர், கையெழுத்து, சம்பளம் எல்லாம் முறைப்படி நடக்கும். ஒரகடத்துக் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து வீட்டோடு கிடக்கிற பிள்ளைக்கு ஒரு வழி பிறந்ததே என்று அவர் மனைவி சுலோச்சனாவுக்கு மனசு குளிர்ந்து போயிற்று. கடைசியில் கன்னியப்பன் மருமகள் பக்கம் திரும்பி, நீ இனிமேல் வீட்டில் நிம்மதியாக இரு அம்மா என்றார்.

அந்த வேலையை ஒன்பது வருஷமாகச் செய்கிறவள் ஜெகனின் மனைவியான அந்த மருமகள்தான். இளவரசி குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. மிஷினில் விழுகிற எண் தெரியவில்லை, ரெண்டு நாள் பார்த்துக்கொள் என்றார். அந்த ரெண்டு நாள் இன்னும் முடிந்தபாடில்லை. இரண்டு வேளையும் பால் வாங்கி, சாம்பிள் எடுத்து மிஷினில் விட்டுக் கொழுப்புப் பார்த்து, அதற்கேற்ற விலையோடு சீட்டுக் கொடுத்து, கேன்களை வேனில் ஏற்றி அனுப்புவது அவள். ஊர்க்காரர்கள் மாட்டுக்கு ஒன்று என்றால் டாக்டரை வரவழைப்பதும் அவள். செக்ரெட்டரி நாற்காலியில் மட்டும் கன்னியப்பனின் துண்டு கிடக்கும். ஆபீசர்கள் எட்டிப் பார்த்தால், துண்டு இருக்கிறது, ஆள் இப்போதுதான் வெளியே போனார் என்று அர்த்தம். இது ஊருக்கே தெரிந்த விஷயம். காகிதத்துக்குத்தான் தெரியாது.

ஞாயிறு போய் வியாழன் வந்துவிட்டது. நாலு நாளாக இளவரசிக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது.

அன்று காலை பால் வேன் ஓட்டும் பெருமாள் கேன்களை ஏற்றிக்கொண்டே அவள் போனுக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பிவைத்தான். சாலவாக்கம் பக்கத்தில் ஒரு தனியார் பால் கம்பெனி புதிதாகக் குளிரூட்டும் நிலையம் திறக்கிறது. பால் கொள்முதலுக்கு சூப்பர்வைசர் வேண்டும், அஞ்சு வருஷ அனுபவம் வேண்டும், பெண்களும் விண்ணப்பிக்கலாம். ரெஸ்யூமை இன்று சாயங்காலத்துக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும், நேர்காணல் நாளைக்கே.

ரெஸ்யூம் தன்னிடமே இருக்கிறது என்றாள் இளவரசி. போன வருஷம் ஏதோ ஒரு வேகத்தில் உத்திரமேரூர் பிரவுசிங் சென்டரில் அடித்து வாங்கிய தாள், பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கிறது. அதை போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். பெருமாள் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இத்த அனுப்பாதம்மா. அப்பா பேரு, புருசன் பேரு எல்லாம் கீது, ராசி நட்சத்திரம் மட்டும் தான் பாக்கி. இது பொண்ணு பாக்க வரவங்களுக்குக் குடுக்கற தாளு. பஸ் ஸ்டாண்டு பின்னால சோபியான்னு ஒரு மேடம் கீறாங்க. ரெஸ்யூம் எழுதறதே அவங்களுக்குத் தொழிலு. எங்க அக்கா பையன் அவங்க எழுதிக் குடுத்துத் தான் கம்பெனிக்குள்ள போனான்."

நம்மைப் பற்றி எழுத இன்னொருத்திக்குக் காசு கொடுப்பதா என்று இளவரசிக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டாவது வரை படித்தவள், தன் பேரைத் தானே எழுதத் தெரியாதா என்ன? ஆனால் வேன் கிளம்பிப் போன பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கி இன்னொரு தரம் பார்த்தாள். பேர், ஊர், ரத்த வகை எல்லாம் நீளமாக இருந்தன. அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அதைப் போடச் சொன்னதும் அவளேதான்.

மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து புடவை மாற்றியபோது சுலோச்சனா கதவோரம் வந்து நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை.

"மாமா கேட்டா பல்லு வலின்னு போயிருக்குதுன்னு சொல்லிக்கறேன். ஜெகனுக்கு வேல வேணும் தான். அதுக்கோசரம் உன்ன எழுப்பி வுடறதா? எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நெனச்சியா?"

மாமியாருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று யோசிக்க நேரமில்லை. டவுன் பஸ் வந்துவிட்டது.

சோபியாவின் அலுவலகம் என்பது அவள் வீட்டு முன்னறைதான். ஒரு மேஜை, ஒரு லேப்டாப், சுவரில் ஏசுநாதர் படம், மூலையில் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவள், பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்திருந்தாள். இளவரசி கொண்டுவந்திருந்த பழைய தாளை வாங்கியவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

அந்தக் கம்பெனியில் தினமும் தன் மேஜைக்குக் கட்டுக்கட்டாக ரெஸ்யூம் வரும் என்றாள் அவள். டீ ஆறுவதற்குள் பாதியை ஒதுக்கிவிடுவார்களாம். ஒதுக்கப்பட்டவர்களில் வேலை தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். தெரிந்ததைச் சொல்லத் தெரியவில்லை, அல்லது சொல்லக் கூச்சம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்றாள். ஒரு நிபந்தனையும் போட்டாள். இல்லாததை எழுத மாட்டாளாம், இருக்கிறதை விடவும் மாட்டாளாம்.

"சரி, சொல்லு. இந்த ஒம்பது வருஷமா இன்னா பண்ணே?"

"வூட்ல சும்மா தாங்க கீறேன்."

அப்போது இளவரசியின் போன் அடித்தது. பெருமாள்தான். சொசைட்டிப் பால் போகிற குளிர் நிலையத்தில் ஒரு கேனைத் திருப்பிவிட்டார்களாம், புளிப்பு வாடை அடிக்கிறதாம். அது எந்தக் கேன், அதில் யார் யார் பால் ஊற்றினார்கள், நேற்று யார் வீட்டில் பாத்திரத்தைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள் என்று இளவரசி இங்கிருந்தே சொன்னாள். வைத்த உடனே சொசைட்டிக்குப் பால் ஊற்றும் தாயாரம்மாள் கூப்பிட்டாள். அவளுடைய இரண்டு மாட்டில் ஒன்றுக்கு மடி வீங்கிக் கல்லாகிவிட்டதாம். அந்தப் பாலைத் தயவுசெய்து சொசைட்டிக்குக் கொண்டுவராதே, கன்றுக்கும் விடாதே என்று சொல்லி, டாக்டர் நம்பரைக் கொடுத்து, அவர் இந்நேரம் எந்த ஊரில் இருப்பார் என்பதையும் சொல்லி வைத்தாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி சோபியாவைப் பார்த்தாள். சோபியா ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதாக அடித்தது கன்னியப்பன். சத்தமாகப் பேசுகிற மனிதர், எதிரில் இருப்பவளுக்கும் கேட்டது. மேல் ஆபீசிலிருந்து பேசுகிறார்களாம், போன மாசம் கொழுப்பு ஏன் குறைந்தது என்று கேட்கிறார்களாம். பல் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு, நான் என்ன சொல்வது என்று கேட்டார். பச்சைத் தீவனம் அதிகமான மாசம், பாலும் அதிகம், கொழுப்பு இறங்கத்தான் செய்யும், அப்படியே சொல்லுங்கள் என்றாள் இளவரசி.

"யாரு?" என்றாள் சோபியா.

"எங்க மாமா. அவரு தான் செக்ரெட்டரி."

"செக்ரெட்டரி எதுக்கு உன்னக் கேக்கறாரு?"

இளவரசி போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"எங்க அம்மா உங்க ஊரு ஏரிக்குக் கீழ தான் நாத்து நட்டுது. வயசு பூரா நட்டுது. யாராவது இன்னா வேலன்னு கேட்டா, சும்மா தான் கீறேன்னு தான் சொல்லும்" என்றாள் சோபியா. குரலில் கோபம் இருந்தது, ஆனால் அது இளவரசி மேல் இல்லை. "காலைல எழுந்ததுலருந்து சொல்லு. ஒண்ணையும் வுடாத."

சொல்லச் சொல்ல மதியமாகிவிட்டது. இளவரசி ஒவ்வொரு தடவையும் 'நாங்க பண்ணுவோம்' என்று ஆரம்பித்தாள். நாங்க என்றால் யார் என்று சோபியா ஒவ்வொரு தடவையும் நிறுத்தினாள். கலப்படப் பால் கொண்டுவந்தவரை ஊர் பார்க்க அவமானப்படுத்தாமல் திருப்பி அனுப்பியது யார்? நான். மிஷின் பழுதாகி நின்ற வாரத்தில் கண்ணாடிக் குழாயில் கொழுப்புப் பார்த்தே ஊர்ப் பாலை ஓட்டியது யார்? நான். வழக்கமில்லாத அந்த வார்த்தை வாயில் ஒட்டவே நேரம் பிடித்தது.

கடைசியில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள் சோபியா. ஒரே பக்கம்தான். அப்பா பேர் இல்லை, ரத்த வகை இல்லை. மேலே அவள் பேர், அதற்குக் கீழே அவள் செய்த வேலை. இளவரசி இரண்டு தரம் படித்தாள். முதல் தரம் பெருமையாக இருந்தது. இரண்டாம் தரம் ஆத்திரம் வந்தது. இவ்வளவையும் செய்துவிட்டா ஒரு குழம்புச் சட்டியோடு உள்ளே போனேன் என்று இருந்தது.

கீழே ஓர் இடம் காலியாக இருந்தது. இதெல்லாம் உண்மை என்று சொல்லக்கூடிய ஆளின் பேரும் போன் நம்பரும் வேண்டுமாம்.

"நேர்காணலுக்குக் கூப்பிடறதுக்கு முன்னால கம்பெனில போன் பண்ணிக் கேப்பாங்க. நாளைக்கே நேர்காணல்னா இன்னிக்கே கூட கேப்பாங்க. செக்ரெட்டரி சொன்னா தான் செல்லும். மத்த சொந்தக்காரங்க, பால் ஊத்தறவங்க சொன்னா எடுபடாது."

இளவரசியின் கை விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கின. மாமாவிடம் கேட்காமல் அவர் பேரைப் போடுவதா? கேட்டால் விடுவாரா? சொசைட்டி வேலையை எடுத்துவிட்டு எழுத முடியாதா என்று கேட்டாள்.

"எழுதலாம். அப்போ மறுபடியும் 'இல்லை'ன்னு தான் போடணும்."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. இளவரசி மாமனார் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அனுப்புங்கள் என்றாள். சோபியா மெயிலை அனுப்பினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளால் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தாள். கம்பெனி கூப்பிடுவதற்குள் மாமாவிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது பஸ் பஸ்ஸாக மாறி வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போனவர். தனியாகச் சொன்னால் புரிந்துகொள்வார். போன் போட்டாள், பிஸி. மறுபடி போட்டாள், மறுபடி பிஸி. ஒருவேளை கம்பெனியோடுதான் பேசுகிறாரோ? மாம்பழக் கூடையோடு ஏறிய ஒரு கூட்டத்துக்காக டிரைவர் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். இறங்கி பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போய்விடலாமா என்று இருந்தது அவளுக்கு.

சாயங்காலப் பால் ஆரம்பித்த பிறகுதான் கருங்குட்டை வந்து சேர்ந்தாள்.

சொசைட்டி வாசலில் தூக்கும் குடமுமாக ஜனம் வரிசையாக நின்றது. வழக்கத்தைவிட நீளம். உள்ளே ஜெகன் மிஷின் முன்னால் வியர்த்துக் கொட்ட நின்றான். ஒன்றாம் தேதிக்கு முன்னால் கை பழகட்டும் என்று அப்பா நிறுத்திவிட்டாராம். கன்னியப்பன் இன்று ஆச்சரியமாக நாற்காலியிலேயே இருந்தார். பால் ஊற்ற வந்த மார்த்தாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மாட்டுக்கு இவ்வளவு மட்டமான கொழுப்பு பிறந்ததிலிருந்து விழுந்ததில்லையாம்.

"கலக்காம எடுத்துட்டீங்களா?" என்று இளவரசி புருஷனைத் தணிந்த குரலில் கேட்டாள்.

ஜெகன் தலையை ஆட்டினான். அவன் முகத்தில் கோபம் இல்லை, அப்பாடா என்ற நிம்மதிதான் இருந்தது. அவள் கரண்டியை வாங்கிப் பாலை மேலும் கீழும் கலக்கி, புதிதாகச் சாம்பிள் எடுத்து மிஷினில் விட்டாள். சரியான எண் விழுந்தது. மார்த்தாள் சமாதானமாகி நகர்ந்தாள். வரிசை கடகடவென்று முன்னால் வர ஆரம்பித்தது. இப்படியே ஓர் இடைவெளி பார்த்து மாமாவை வெளியே கூப்பிட்டுவிடலாம் என்று இளவரசி நினைத்தாள்.

"மாமா, ஒரு நிமிஷம் உங்ககிட்ட..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே அவர் போன் அடித்தது.

காதில் வைத்தால் சூடாகிறது என்று கன்னியப்பன் எல்லா போனையும் ஸ்பீக்கரில்தான் போடுவார். ஒரு பெண் குரல், கம்பெனி பேரைச் சொல்லி, மரியாதையாகப் பேசியது.

"சார், இளவரசி ஜெகன்னு ஒருத்தங்க எங்ககிட்ட வேலைக்கு அப்ளை பண்ணியிருக்காங்க. உங்க சொசைட்டில ஒன்பது வருஷமா பால் டெஸ்டிங், கொள்முதல் எல்லாம் அவங்கதான் பாத்துக்கறதா ரெஸ்யூம்ல போட்டிருக்கு. செக்ரெட்டரின்னு உங்க நம்பர் குடுத்திருக்காங்க. இது சரிதானா சார்?"

ஊற்றிக்கொண்டிருந்த பால் கூட நின்றது. கன்னியப்பன் மருமகளைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் திகைப்பு வந்தது. அவள் பயந்த கோபம் வரவே இல்லை. வந்தது வெட்கம். ஆமாம் என்றால் இத்தனை வருஷமாக நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதைக் கேட்கக் கம்பெனிக்காரி வேண்டாம், வரிசையில் நிற்கிறவர்களின் கண்ணே போதும். அவர் பார்வையைச் சுவருக்குத் திருப்பினார்.

"எங்க ரிஜிஸ்டர்ல அந்தப் பேர்ல யாரும் வேல செய்யலீங்க."

"ஓகே சார், தேங்க்ஸ்" என்றது குரல். அவ்வளவு சுலபமாக வைத்துவிட்டாள்.

அவர் சொன்னது ஏட்டுப்படி உண்மைதான். ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் இளவரசிக்குப் புரிந்தது. புரிந்ததால் வலி ஒன்றும் குறையவில்லை. கண்ணில் நீர் முட்டியது, ஆனால் இத்தனை பேர் முன்னால் அதை விழ விடுவதாக இல்லை. கரண்டியைக் கழுவினாள், துடைத்தாள், மேஜைமேல் வைத்தாள்.

"நான் கெளம்பறேன் மாமா."

"எங்கம்மா கெளம்பறே? பாதி ஜனம் நிக்குது."

"யாரும் இல்லன்னு சொல்ட்டீங்க. இல்லாத ஆளு எப்படி மாமா பால் பாக்கறது?"

வரிசை விலகி வழி விட்டது. தாயாரம்மாள் தன் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். மார்த்தாளும் ஏற்கெனவே வாங்கின சீட்டைக் கசக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். ஜெகன் மிஷினை விட்டு ஓர் அடி தள்ளிப் போனான். அதைத் தொட இனி அவனுக்கு மனசு வராது என்பது நன்றாகத் தெரிந்தது.

இளவரசி தெருவில் இறங்கி நடந்தாள். இந்த வெக்கையில் பால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. அந்தக் குடங்களிலும் கேன்களிலும் இருக்கிறது மார்த்தாள் பேத்தியின் பள்ளிக்கூடச் செலவு, தாயாரம்மாள் வீட்டு அரிசி. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று மனசு திரும்பத் திரும்ப அடித்தது. திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தரம் நின்றாள். நின்றபோதெல்லாம் அந்தப் பெண் குரல் 'தேங்க்ஸ்' என்று சொன்னது காதில் விழுந்தது. மறுபடியும் நடந்தாள்.

பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. ஜெகன்தான். செருப்புகூட இல்லாமல் வந்திருந்தான்.

"இளவரசி, நில்லு. ஒருத்தர் கூட பால ஊத்த மாட்டேன்னு நிக்கறாங்க. நைனா அந்த நம்பருக்குத் திருப்பி போன் பண்ணிக்கினு கீறாரு. தப்பா சொல்ட்டேன்னு சொல்லணுமாம். அங்க எடுக்க மாட்டேங்கறாங்க, ஆபீஸ் மூடிட்டாங்க போல."

அவள் நின்றாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு நேர்காணலுக்கு யார் யார் வரவேண்டும் என்று அங்கே இந்நேரம் முடிவாகியிருக்கும். அதில் தன் பேர் இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. ஏரிக்கரைத் திருப்பத்தில் பெருமாளின் வேன் சாயங்காலப் பாலுக்காக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

"வேன் வந்துட்ச்சி, நீ வா" என்றான் ஜெகன். அது கெஞ்சல்தான்.

"அங்க எடுக்கற வரைக்கும் அவரப் பண்ணச் சொல்லுங்க" என்றாள் இளவரசி. "பாலு அதுக்கப்பறம்."